கையெழுத்துக்குக் காத்திருந்த நான்கு மணி நேரம்

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை நோய் உண்டு. தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு புடைப்பு பல வருடங்களாக இருந்திருக்கிறது. படுத்தால் உள்ளே போய்விடும் என்பதால் கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்ததும் வயிற்றுவலி, வாந்தி. அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தோம். சனிக்கிழமை பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டார்கள், வலி கொஞ்சம் குறைந்தது. ஞாயிறு மதியம் வயிறு உப்பி, பச்சையாக வாந்தி வந்ததும் பயந்துபோய் மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுபோனோம். மாலை 5 மணிக்கு ஸ்கேன் பார்த்த மருத்துவர், "குடல் மாட்டிக்கொண்டு கெட ஆரம்பித்துவிட்டது, உடனே வயிற்றைத் திறக்க வேண்டும், உயிருக்கு ஆபத்து இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள்" என்றார். அப்பா உயிரோடு இல்லை. அண்ணன் துபாயில் இருக்கிறார், போன் கிடைக்கவில்லை. தாய்மாமா சென்னையிலிருந்து வரட்டும் என்று காத்திருந்து 9 மணிக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். சிறுகுடலில் 40 செ.மீ. எடுத்துவிட்டு, வயிற்றில் பை வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் வென்டிலேட்டர், மொத்தம் ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மா யாரிடமும் பேசுவதில்லை. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பையே வந்திருக்காது, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டது நீதான்" என்கிறார் மாமா. அண்ணனோ, "ஏன் உடனே போடவில்லை" என்று கேட்கிறார். இந்தப் பை நிரந்தரமா? நான் காத்திருந்த அந்த நான்கு மணி நேரத்தால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன். அதற்குப் பதில் தெரியாமல் மற்றது எதுவும் உங்கள் மனதில் ஏறாது. அம்மாவின் குடல் அந்த நான்கு மணி நேரத்தில் கெட்டுப்போகவில்லை. மாலை 5 மணிக்கே மருத்துவர் "கெட ஆரம்பித்துவிட்டது" என்று சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரத்த ஓட்டம் முழுதாக அடைபட்ட குடல் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குமேல் தாங்காது. வெள்ளிக்கிழமை இரவு தொடங்கிய வலி ஞாயிறு மாலைவரை நீடித்திருக்கிறது, அதாவது நாற்பது மணி நேரத்துக்கும் மேல். 5 மணிக்கே நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும் அந்த 40 செ.மீ. குடலை வெட்டித்தான் எடுத்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

அதற்காக அந்த நான்கு மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை என்று சொன்னால் அது பொய்யான ஆறுதல். வயிற்றுக்குள் அழுகிய குடல் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கிருமிகளும் நச்சும் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். இரைப்பைப் புண் ஓட்டையாகி வந்த 2,600-க்கும் மேற்பட்டவர்களை டென்மார்க்கில் ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மருத்துவமனைக்குள் வந்தபிறகு அறுவை தள்ளிப்போகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 2.4 சதவீதம் குறைகிறது என்று அதில் கண்டார்கள். அது வேறு நோய்தான். ஆனால் வயிற்று அவசரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான திசையை அது காட்டுகிறது. அம்மா வென்டிலேட்டரிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இருந்த நாட்களில் ஒரு பகுதி அந்தத் தாமதத்தால் கூடியிருக்கலாம். எவ்வளவு என்று அளந்து சொல்ல யாராலும் முடியாது. இன்னொன்றையும் சேர்த்தே பாருங்கள். இப்படி வரும் நோயாளியை வாசலிலிருந்து நேராக அறுவை அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போவதில்லை. இரண்டு நாள் வாந்தியில் வற்றிய உடம்புக்கு டிரிப் வேகமாக ஏற்ற வேண்டும், கிருமிக்கொல்லி ஊசி போட வேண்டும், மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் விட்டு வயிற்றில் தேங்கியதை வெளியே எடுக்க வேண்டும், சிறுநீர்க் குழாய் போட்டு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து ரத்தத்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்கே ஒன்றிரண்டு மணி நேரம் போய்விடும். நீங்கள் மாமாவுக்காகக் காத்திருந்த நேரத்தில் இவையெல்லாம் நடந்திருக்க வேண்டும். அது முழுக்க வீணான நேரம் இல்லை.

உண்மையில் நேரம் போனது வேறு இடத்தில். வயிற்றுச் சுவரில் தொப்புளை ஒட்டி ஒரு ஓட்டை. அதன் விளிம்பு கெட்டியான நாரால் ஆன வளையம், அது விரிந்துகொடுக்காது. அதன் வழியாகக் குடலின் ஒரு மடிப்பு வெளியே வந்து, பல வருடங்கள் படுத்ததும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அது திரும்பிப் போகவில்லை. முதலில் நசுங்குவது அழுத்தம் குறைந்த சிரைகள்தான். ரத்தம் உள்ளே வருகிறது, வெளியேற வழியில்லை. குடல் வீங்குகிறது, வீங்க வீங்க வளையம் இன்னும் இறுகுகிறது, கடைசியில் தமனியும் அடைபடுகிறது. இதைத்தான் நாங்கள் குடலிறக்கம் நெரிபடுவது என்கிறோம். சனிக்கிழமை வலி குறைந்ததை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டீர்கள், யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். ஊசி வலியை மறைத்திருக்கும். உயிரிழந்துகொண்டிருக்கும் குடலிலும் சில மணி நேரம் வலி தணிவதுண்டு. அதனால்தான் வலியைவிட மற்ற மூன்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்: வாந்தி நிற்காமல் பச்சையாக மாறுவது, வயிறு உப்பிக் காற்றும் மலமும் நின்றுபோவது, வழக்கமாக உள்ளே போகும் புடைப்பு கெட்டியாகி உள்ளே போக மறுப்பது. மூன்றாவது ஒன்று மட்டும் இருந்தாலே போதும், அன்று இரவே கிளம்ப வேண்டும். 108-ஐ அழைப்பதற்கு இது முழுத் தகுதியான காரணம்.

அந்தக் கிளினிக்கில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாததால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பொதுவாக ஒன்று சொல்லியாக வேண்டும். வயிற்றுவலி என்று வருகிற பெண்ணைப் படுக்கவைத்து, கூட ஒரு செவிலியரை நிறுத்தி, கொசுவத்தைத் தளர்த்தித் தொப்புளையும் இரண்டு தொடை இடுக்குகளையும் கையால் தொட்டுப் பார்க்காமல் ஊசி போட்டு அனுப்புவதை நான் மருத்துவமாகவே மதிப்பதில்லை. பெண்களுக்குத் தொடை இடுக்கில் வரும் குடலிறக்கம் சிறியதாக இருக்கும், வெளியே தெரியாது, ஆனால் நெரிபடும் ஆபத்து அதில்தான் மிக அதிகம். நம் அம்மாக்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். மருத்துவர்தான் தேடிப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டிலும், உறவிலும், பிரசவத்துக்குப் பிறகு தொப்புளில் புடைப்போடு வாழ்கிற அத்தைகளும் சித்திகளும் கட்டாயம் இருப்பார்கள். அவர்களிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். நாள் குறித்து, சர்க்கரையைச் சரிசெய்துகொண்டு, திட்டமிட்டுச் செய்யும் குடலிறக்க அறுவையில் பெரும்பாலானோர் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதே புடைப்பு நெரிபட்டு நள்ளிரவில் வந்தால் அம்மா பட்ட பாடுதான்.

இனிப் பைக்கு வருவோம். இது மருத்துவமனை பெரியதா சிறியதா என்பதைப் பொறுத்த விஷயமே இல்லை.

வளையத்தை வெட்டித் தளர்த்தியதும் மாட்டிக்கொண்டிருந்த குடலை அறுவை மருத்துவர் வெளியே எடுத்துப் பார்ப்பார். நல்ல குடல் இளஞ்சிவப்பாக, பளபளப்பாக இருக்கும், விரலால் சீண்டினால் சுருங்கி நெளியும். நெரிபட்ட குடல் நாவல்பழத் தோலின் நிறத்தில், மினுமினுப்பு இழந்து, சீண்டினாலும் அசையாமல் கிடக்கும். உடனே வெட்டிவிட மாட்டோம். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் அதைச் சுற்றி வைத்துவிட்டு, மயக்க மருந்து நிபுணரிடம் ஆக்ஸிஜனைக் கூட்டச் சொல்வோம். பத்து நிமிடம் போல அரங்கில் எல்லோரும் காத்திருப்போம். துணியை விலக்கும்போது நிறம் திரும்பியிருந்தால், குடலைத் தாங்கும் சவ்வில் நாடி துடித்தால், குடல் நெளிந்தால், அப்படியே உள்ளே வைத்துவிடலாம். இந்த மூன்றும் இல்லாத பகுதியை விட்டுவைத்தால் இரண்டு மூன்று நாளில் அது ஓட்டையாகி மலம் வயிற்றுக்குள் கொட்டும். எனவே அதை எடுத்தாக வேண்டும்.

எடுத்தபின் இரண்டு முனைகள் மிஞ்சுகின்றன. அவற்றைச் சேர்த்துத் தைக்கலாம். தைத்த இடம் ஆற அந்த முனைகளுக்கு நல்ல ரத்தம் வர வேண்டும். அன்று அம்மாவுக்கு உடம்பு முழுக்கக் கிருமித்தாக்கம், இரண்டு நாள் வென்டிலேட்டர் தேவைப்பட்ட அளவுக்கு நிலைமை மோசம், போதாததற்குச் சர்க்கரை. இந்த நிலையில் ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கப் பெரும்பாலும் மருந்து ஓடிக்கொண்டிருக்கும், அந்த மருந்துகள் குடலுக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். அப்படித் தைத்த தையல் ஐந்தாம் நாள், ஏழாம் நாள் வாக்கில் விட்டுப்போனால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும். அந்த இரண்டாவது முறையில் நாங்கள் இழக்கிறவர்கள் அதிகம். அதனால் முனைகளைத் தைக்காமல் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, மலம் பையில் விழும்படி செய்துவிட்டு, உடம்பு தேறியபின் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுப்போம். சென்னையிலோ மதுரையிலோ எந்தப் பெரிய மருத்துவமனையின் அரங்கில் அன்று இரவு அம்மா படுத்திருந்தாலும், நிதானமான ஒரு அறுவை மருத்துவர் இதைத்தான் செய்திருப்பார். அந்த நிலையில் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றி மூன்று நான்கு மணி நேரம் சாலையில் கொண்டுபோவதுதான் உண்மையான ஆபத்து. அறுவை மருத்துவரும், மயக்க மருந்து நிபுணரும், வென்டிலேட்டரும் இருக்கிற இடத்தில் செய்துகொண்டது சரியான முடிவு. மாமாவிடம் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். அக்காவின் மேல் உள்ள பாசத்தில்தான் அவர் அப்படிப் பேசுகிறார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோபத்தை உங்கள் மேல் இறக்கிவைப்பது நியாயமில்லை.

"உயிருக்கு ஆபத்து இருக்கிறது" என்று எழுதி வாங்கினார்களே, அது தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தானா என்று பலர் கேட்பதுண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 கடைசியிலிருந்து, அவசரமாக வயிற்றைத் திறந்து அறுவை செய்யப்படும் வயதுவந்தோரின் விவரங்களைத் தேசிய அளவில் தொகுத்து வெளியிடுகிறார்கள். ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். தொடங்கிய காலத்தில், அறுவை நடந்த 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 11 பேருக்குக் குறையவில்லை. பின்னர் அது நூற்றுக்கு 9 பேர் என்ற அளவுக்கு இறங்கியது. வசதி நிறைந்த ஒரு நாட்டிலேயே இதுதான் நிலைமை. கிருமித்தாக்கத்தோடு வரும் வயதானவர்களுக்கு ஆபத்து இதைவிட அதிகம். ஆகவே உங்களிடம் சொன்னது நிஜம், சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே அறுவைக்கு முன்பே இறப்பு வாய்ப்பைக் கணக்கிட்டு ஏட்டில் எழுதுகிறார்கள். அது 5 சதவீதத்தைத் தாண்டினால் மூத்த அறுவை மருத்துவரும் மூத்த மயக்க மருந்து நிபுணரும் நேரில் இருக்க வேண்டும், முடிந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது அவர்களின் அளவுகோல். அம்மாவை இரண்டு நாள் வென்டிலேட்டரில் வைத்ததும் அந்த வகைதான். ரத்த அழுத்தமும் மூச்சும் நிலைப்படும்வரை நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பது திட்டமிட்டுச் செய்வது, நிலைமை கைமீறியதன் அடையாளம் இல்லை.

கையெழுத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய ஒரு விஷயம் உண்டு. அண்ணனைத் தேடினீர்கள், மாமாவுக்குக் காத்திருந்தீர்கள், கடைசியில் நீங்கள் போட்டீர்கள். அம்மா அப்போது சுயநினைவோடு பேசிக்கொண்டிருந்தாரா என்று நீங்கள் எழுதவே இல்லை. மாலை 5 மணிக்கு அவர் தெளிவாக இருந்திருந்தால், வேண்டிய சம்மதம் அவருடையது மட்டும்தான். சுயநினைவுள்ள, வயதுவந்த ஒருவருக்காக மகனோ, மகளோ, தம்பியோ சம்மதம் தர நம் சட்டத்தில் இடமில்லை. சமிரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக வெளியே காத்திருந்த அவருடைய தாயாரிடம் வாங்கிய சம்மதம் செல்லாது, உயிர்காக்கும் அவசரம் இருந்திருந்தால் மட்டுமே விதிவிலக்கு என்பது அந்தத் தீர்ப்பு. நோயாளி நினைவில்லாமல் இருந்து, உறவினர் யாரும் கிடைக்காவிட்டால், உயிரைக் காக்கும் சிகிச்சையை மருத்துவர்கள் தொடங்கிவிடலாம். அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, சம்பிரதாயங்களுக்காகக் காத்திராமல் அவசரச் சிகிச்சை அளிப்பது கடமை என்று 1989-இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

ஆனால் நம் மருத்துவமனை நடைமுறை வேறாக இருக்கிறது. நோயாளியைக் கட்டிலில் விட்டுவிட்டு, "பெரியவங்க யாரு வந்திருக்கீங்க" என்று வராந்தாவில் கேட்கிறோம். உறவினர் ஒருவர் சம்மதிக்காமல் செய்து பின்னால் தகராறு வந்தால் என்ன செய்வது என்ற அச்சம் மருத்துவர்களுக்கு இருக்கிறது, அந்த அச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது. இருந்தாலும் அம்மாவின் கையைப் பிடித்து, "குடல் மாட்டிக்கொண்டிருக்கிறது அம்மா, திறந்து சரிசெய்ய வேண்டும், ஒருவேளை வயிற்றில் பை வைக்க நேரலாம், செய்யட்டுமா" என்று அன்று யாராவது கேட்டிருந்தால் 5 மணிக்கே பதில் கிடைத்திருக்கும். இன்று அவர் பேசாமல் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ என்று நினைக்கிறேன். இரண்டு நாள் கழித்துக் கண்விழித்துப் பார்த்தபோது, தன் வயிற்றில் தன்னைக் கேட்காமல் ஏதோ செய்யப்பட்டிருப்பதை அவர் பார்த்திருக்கிறார். அதை அவருக்கு யாராவது உட்கார்ந்து விளக்கினார்களா? இல்லையென்றால் இன்று மாலையே நீங்கள் விளக்குங்கள். கல்யாண வீட்டிலிருந்து வந்தது முதல் வீடு திரும்பியதுவரை வரிசையாகச் சொல்லுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கழித்த நாட்கள் பலருக்கு நினைவில் இருக்காது, அல்லது குழம்பிய, பயமுறுத்தும் துண்டுகளாக நினைவில் இருக்கும். அதைக் கோர்த்துக் கொடுப்பதே பாதி மருந்து. அப்படியும் இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமும் பசியும் பேச்சும் திரும்பாவிட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தயங்க வேண்டாம்.

அவருக்குச் சொல்ல உங்களிடம் நல்ல செய்தியும் இருக்கிறது. சிறுகுடலின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும், பொதுவாக 6 மீட்டரை ஒட்டி இருக்கும். அதில் 40 செ.மீ. போனதால் சத்து உறிஞ்சுவதில் பெரிய குறை வராது. எடுத்த பகுதி சிறுகுடலின் கடைசிப் பகுதியாக இருந்தால் மட்டும் வைட்டமின் பி12 அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். அறுவைக் குறிப்பில் எந்த இடத்தில் எவ்வளவு எடுத்தார்கள், மீதி எவ்வளவு என்று எழுதியிருப்பார்கள். அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை.

பை நிரந்தரம் இல்லை. இப்படி வைத்த சிறுகுடல் பையைப் பொதுவாக இரண்டு மூன்று மாதம் கழித்து, உடம்பு தேறி, எடை கூடி, சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் மூடிவிடலாம். சீக்கிரம் மூடச் சொல்லி மருத்துவரை நெருக்காதீர்கள். ஆறு வாரத்துக்குள் வயிற்றின் உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டு, ரத்தம் கசியும் நிலையில் இருக்கும். அப்போது கைவைத்தால் நல்ல குடலும் கிழியும். மூடுவதற்கு முன் கீழ்ப்பகுதிக் குடலுக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தொப்புள் ஓட்டையை வலுப்படுத்தும் வலை வைக்கவில்லை என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். கிருமி இருக்கும் வயிற்றில் வலை வைத்தால் அதிலேயே கிருமி தங்கிவிடும் என்பதால் வெறும் தையலோடு நிறுத்துவது வழக்கம். அந்த இடத்தில் மறுபடி புடைப்பு வர வாய்ப்பு உண்டு, வந்தால் பின்னால் சரிசெய்யலாம். மூன்று மாதம் தண்ணீர்க் குடம் தூக்குவது, மாவாட்டும் கல்லைத் தூக்கி நகர்த்துவது கூடாது. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடக்கத் தடை எதுவும் இல்லை, தினமும் நடக்க வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் பெரிய ஆபத்து நீர்வறட்சி. சிறுகுடலிலிருந்து பைக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர்வரை வருவது இயல்பு. ஒரு அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலோ, தண்ணீராகவே போனாலோ, சிறுநீர் குறைந்து மஞ்சளானாலோ, எழுந்து நிற்கையில் தலைசுற்றினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தாகம் எடுக்கிறதே என்று வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால், அது உடம்பிலுள்ள உப்பையும் இழுத்துக்கொண்டு பை வழியாக இறங்கிவிடும். ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, உப்புப் போட்ட மோர் என்று கொடுங்கள். சர்க்கரை நோயாளிக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா என்ற பயம் வேண்டாம், வற்றிப்போகும் உடம்புக்கு அது அவசியம். வாந்தியோ அதிகப்படியான போக்கோ இருக்கும் நாளில் சில சர்க்கரை மாத்திரைகளும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் சிறுநீரகத்துக்குக் கேடாகலாம். எவற்றை நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை முழுசாகப் பையில் விழுவதைப் பார்த்தாலும் சொல்லுங்கள், வேறு வடிவில் மாற்றித் தருவார்கள்.

சிறுகுடலிலிருந்து வரும் திரவம் தோலை அரிக்கும். பையின் ஒட்டும் தட்டில் வெட்டும் துளை, குடல் முனையைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரியதாக இருக்க வேண்டும். பெரிதாக வெட்டினால் இடைவெளியில் தோல் புண்ணாகும், அம்மாவின் பேச்சு நின்றதற்கு அந்த எரிச்சலும் ஒரு காரணமாக இருக்கலாம். முதல் சில வாரங்களில் குடல் முனையின் வீக்கம் வடிந்து அளவு சிறுத்துக்கொண்டே வரும். மருத்துவமனையில் வெட்டித் தந்த அதே அளவில் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தால் மறுபடி அளந்து பாருங்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலிசெய்ய வேண்டும், நிறையவிட்டால் பாரத்தில் பிய்த்துக்கொள்ளும். முனை சிவப்பாக, ஈரமாக இருப்பது நல்லது. தொட்டால் லேசாக ரத்தம் கசிவதும் சகஜம். கறுத்தால் உடனே கிளம்புங்கள். பை வைத்துக்கொண்டே குளிக்கலாம், புடவை கட்டலாம், கோயிலுக்குப் போகலாம், பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டில் முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் கூடட்டும். முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்ச் சில்லு, நிலக்கடலை, சோளம், ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகியவை குடல் முனையின் வாசலில் அடைத்துக்கொள்ளும், பை மூடும்வரை வேண்டாம். பையில் ஒன்றுமே விழாமல் பல மணி நேரம் போய், வயிற்றை முறுக்கி வலித்து, வாந்தியும் வந்தால் இந்த முறை ஓமத் தண்ணீருக்கு இடமில்லை, நேராக மருத்துவமனைதான்.

அண்ணன் கேட்டதற்கும் ஒரு வரி. தூரத்தில் இருப்பவருக்கு ஆற்றாமை அதிகம், அது கேள்வியாக வெளியே வருகிறது. மூடும் அறுவைக்காவது அவர் விடுப்பு எடுத்து வரட்டும். இப்போதைக்குப் பைகளின் செலவை அவர் ஏற்றுக்கொண்டால் உங்களுக்குப் பெரிய உதவி. நல்ல தரமான பைக்கு மாதாமாதம் கணிசமாகச் செலவாகும், மலிவான பை தோலைப் புண்ணாக்கும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அம்மாவை அவருக்கு எதிரே உள்ள நாற்காலியில் உட்காரவையுங்கள், நீங்கள் பின்னால் நில்லுங்கள். பையை எப்போது மூடலாம், அதற்குள் எடையும் சர்க்கரை அளவும் எங்கே வந்திருக்க வேண்டும், வெட்டி எடுத்த குடலின் பரிசோதனை அறிக்கை என்ன சொல்கிறது என்று அவரே கேட்கட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போய், மூடும் அறுவை அதில் வருமா என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு உதவி மேசையில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.